உஷார்! குழந்தையோடு லடாக்குக்கு டிக்கெட் போடுவதற்கு முன்...

கையில் போன் இருக்கிறதா? விமான டிக்கெட் பக்கம் திறந்திருக்கிறதா? பணம் கட்டும் இடத்தில் விரல் நிற்கிறதா?

விரலை எடுங்கள்.

பத்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். அப்புறம் போடலாம் டிக்கெட்.

பள்ளி லீவு வந்தால் ஊட்டி, கொடைக்கானல் என்று கிளம்பிய காலம் போய்விட்டது. இப்போது லடாக். நீல ஏரி, மொட்டை மலை, பனி, இரட்டைத் திமில் ஒட்டகம். 2009இல் ‘3 இடியட்ஸ்’ படம் வந்த பிறகு பாங்காங் ஏரிக் கரையில் நின்று ஒரு போட்டோ எடுத்தால்தான் ஜென்மம் கடைத்தேறும் என்று ஆகிவிட்டது. “ஆறு நாள், ஐந்து இரவு. ஐந்து வயதுக்குக் கீழே குழந்தைகளுக்கு இலவசம்!” என்று விளம்பரம் வேறு.

இலவசம் என்ற வார்த்தை மட்டும் நம் கண்ணில் படுகிறது. அந்தக் குழந்தை எவ்வளவு உயரத்தில் படுத்துத் தூங்கப் போகிறது என்பதை விளம்பரத்திலும் போடுவதில்லை, நாமும் கேட்பதில்லை.

அது தெரியாமல் போய், பிள்ளையைக் கிட்டத்தட்ட இழந்துவிட்டுத் திரும்பிய ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்.

அந்த இரண்டு இரவுகள்

சென்னைக் குடும்பம். பெயர் வேண்டாம். அப்பா, அம்மா, நாலு வயதுப் பையன். கிளம்புவதற்கு முதல் நாள் பையனுக்கு லேசாக மூக்கு ஒழுகல். காய்ச்சல் இல்லை. “சளிதானே, குழந்தைன்னா இருக்கும்” என்று சிரப்பைப் பையில் போட்டுக்கொண்டார்கள்.

ராத்திரி டெல்லி. விடியற்காலை லே விமானம். காலை ஏழரைக்கு லேவில் இறங்கியாயிற்று. அறைக்குப் போய்க் குளித்து, சாப்பிட்டு, கொஞ்சம் படுத்தார்கள். “வந்த நாளை வீணாக்குவானேன்?” என்று சாயங்காலம் சாந்தி ஸ்தூபிக்குக் கிளம்பிவிட்டார்கள். பையன் நடக்க மாட்டேன் என்றான். அப்பா தோளில் தூக்கிக்கொண்டார்.

அன்று ராத்திரி இரண்டு தடவை வாந்தி. “ஃப்ளைட்ல குடுத்தது ஒத்துக்கலை போல” என்று பாட்டி போனில் சொன்னார். எல்லோரும் அதையே நம்பினார்கள். நம்புவதற்கு வசதியான காரணம்.

மறுநாள் காலை பையன் ஒன்றும் சாப்பிடவில்லை. வண்டி வாசலில் வந்து நின்றது. அன்றைக்குத் திட்டம் பாங்காங். ஓட்டுநர் அந்த ஊர்க்காரர். குழந்தையைப் பார்த்தார். “பையன் சரியா இல்லை சார், இன்னிக்கு வேணாம், ஓய்வு எடுங்க” என்று இந்தியில் சொன்னார். அப்பாவுக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியும் பிடிக்கவில்லை. பயண ஏஜென்ட்டுக்குப் போன் போட்டார். “இன்னிக்குப் போகலைன்னா கேம்ப் காசு போயிடும் சார். எல்லாரும் குழந்தையோடதான் போறாங்க” என்று பதில் வந்தது.

போனார்கள்.

வழியில் சாங் லா கணவாய். 5,300 மீட்டருக்கு மேல். அங்கே இறங்கி டீ குடித்தார்கள். பையன் வண்டியிலேயே கிடந்தான். ஏரியைப் பார்த்ததும் பெற்றவர்கள் குழந்தையாகிவிட்டார்கள். குழந்தை மட்டும் குழந்தையாக இல்லை. கல் எடுத்துத் தண்ணீரில் எறியவில்லை. “அம்மா அது என்ன?” என்று கேட்கவில்லை.

ராத்திரி கூடாரத்தில் இருமல். ஓயாத அழுகை. பன்னிரண்டு மணிக்கு மேல் அழுகை நின்றது.

“அழுகை நின்னதும் அப்பாடான்னு படுத்துட்டேன்க்கா. அதை நெனச்சாத்தான் இப்பவும் ஈரக்குலை நடுங்குது” என்றாள் அந்தத் தாய் என்னிடம்.

இரண்டு மணிக்கு எதற்கோ விழிப்பு வந்தது. பெற்ற வயிறு எழுப்பிவிட்டது என்றுதான் நான் சொல்வேன். போன் வெளிச்சத்தில் பையன் முகத்தைப் பார்த்தாள். உதடு நாவல்பழம் தின்றவன்போல் இருந்தது. மூச்சு நாய்க்குட்டி இரைப்பதுபோல் ஓடிக்கொண்டிருந்தது. எழுப்பினால் கண்ணைத் திறக்கிறான், அம்மாவை அடையாளம் தெரியவில்லை.

போனில் சிக்னல் இல்லை.

கூடாரம் கூடாரமாகத் தட்டி ஓட்டுநரை எழுப்பினார்கள். அந்த மனிதர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வண்டியிலிருந்த ஆக்சிஜன் சிலிண்டரை எடுத்துக் குழந்தை முகத்தில் வைத்தார். இருட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டித் தாங்ட்சே என்ற சின்ன ஊரின் சுகாதார நிலையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே மூச்சைக் கொஞ்சம் நிலைப்படுத்தி, ஆக்சிஜனோடு ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். மறுபடியும் அதே சாங் லா. அதே 5,300 மீட்டர். அதைத் தாண்டினால்தான் லே. பெரிய ஆஸ்பத்திரி அங்கேதான்.

“நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. விடியும்வரை விட்டிருந்தால் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது” என்றார் டாக்டர்.

பையன் பிழைத்தான். ஆஸ்பத்திரியில் நான்கு நாள். இன்றைக்கும் அவன் தூங்கும்போது அந்தத் தாய் எழுந்து உட்கார்ந்து மூச்சை எண்ணுகிறாள்.

அவர்கள் ஒன்றும் பொறுப்பில்லாத பெற்றோர் இல்லை. உங்களைப்போல, என்னைப்போலத்தான். கிளம்புவதற்கு முன் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

“ஊட்டிக்குப் போனோமே, ஒன்றும் ஆகவில்லையே?”

இப்படித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். கணக்கைப் பாருங்கள்.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர். கொடைக்கானல் அதைவிடக் குறைவு. தமிழ்நாட்டின் உச்சியான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலேதான் தலைகாட்டும். அதாவது, நம் ஊர் மலைகள் முடிகிற இடத்தில்தான் ஆபத்தே ஆரம்பிக்கிறது.

லே சுமார் 3,500 மீட்டர், 11,500 அடி. பாங்காங் 4,200 மீட்டருக்கு மேல். கர்துங் லா கணவாய் 5,359 மீட்டர்.

மேலே போகப் போகக் காற்றில் ஆக்சிஜன் குறைவதாக நினைக்கிறோம். பங்கு அதே 21 சதவீதம்தான். ஆனால் காற்றின் அழுத்தம் குறைகிறது. காற்று மெலிந்துபோகிறது. சென்னையில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனில் லேவில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். கர்துங் லாவில் ஏறக்குறைய பாதி.

இதற்கு உடம்பு பழகிக்கொள்ளும். ஆனால் அதற்கு நாள் வேண்டும். டெல்லி சுமார் 216 மீட்டர். அங்கிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் விமானம் உங்களை லேவில் இறக்கிவிடுகிறது. மூன்று, நான்கு நாளில் ஏற வேண்டிய உயரத்தை உங்கள் பிள்ளை ஒரு தூக்கத்தில் ஏறிவிடுகிறது.

இன்னொன்றையும் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். பகலில் ஒரு கணவாயில் பத்து நிமிடம் நின்று இறங்குவது வேறு. ராத்திரி முழுக்க அந்த உயரத்தில் படுப்பது வேறு. தூக்கத்தில் மூச்சு குறையும், ரத்தத்தில் ஆக்சிஜன் இன்னும் இறங்கும். நீங்கள் பார்க்க வேண்டியது தூங்கும் உயரம்.

இப்படியெல்லாம் நினைக்கிறீர்களா? ஏமாந்துவிடாதீர்கள்!

“என் பையன் நல்ல திடகாத்திரம். ஃபுட்பால் ஆடுகிறான்.”
திடகாத்திரம் இந்த நோயைத் தடுக்காது. இமயத்தில் ஏற்றப்பட்ட 1,925 ராணுவ வீரர்களிடம் கண்டதை நம் ராணுவ மருத்துவர்கள் 1969இல் எழுதி வைத்திருக்கிறார்கள். பயிற்சி பெற்ற வாலிபர்களையே சாய்த்த நோய் இது.

“அங்கேயும் குழந்தைகள் இருக்கிறார்களே!”
இருக்கிறார்கள். அந்த உயரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். மலைநாட்டுக் குழந்தைகளுக்கே, சமவெளியில் சில வாரம் தங்கிவிட்டு ஊர் திரும்பும்போது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது உண்டு. அவர்கள் கதியே அப்படி என்றால் நம் கடற்கரைப் பிள்ளைகள்?

“ஆக்சிஜன் கேன் வாங்கி வைத்துக்கொள்கிறோம்.”
கையில் பிடிக்கிற அந்தச் சின்ன கேன் சில நிமிடத்தில் தீர்ந்துபோகும். பிறகு? அது தருவது தைரியம் மட்டும். அந்தத் தைரியம்தான் ஆபத்து.

“விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருக்கிறது.”
இருக்கட்டும். ஆனால் லேவில் முதல் நாள் நல்ல ஆரோக்கியமானவருக்கே அது 90க்குக் கீழே காட்டலாம். குளிரில் விறைத்த விரலில் தப்பாகவும் காட்டும். எண் நன்றாக இருக்கிறதே என்று துவண்ட குழந்தையை அலட்சியம் செய்யாதீர்கள். மெஷினைவிடக் குழந்தையைப் பாருங்கள்.

“உயர நோய்க்கு டயமாக்ஸ் மாத்திரை போட்டால் போதுமாமே!”
பெரியவர் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் குழந்தைக்குக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம்! குழந்தைக்கு அளவு எடையை வைத்துத்தான். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு அது வேறு வம்பு. குழந்தை மருத்துவர் எழுதித் தராமல் தொடாதீர்கள். முக்கியமாக, உடம்பு சரியில்லாத பிள்ளையை மேலே ஏற்றிப்போக அது அனுமதிச் சீட்டு இல்லை.

யாரும் சொல்லாத பொறி

இந்த நோய்க்கு முதல் மருந்து ஒன்றுதான். இறங்குவது. உடனே, இப்போதே, எவ்வளவு முடியுமோ அவ்வளவு கீழே.

சரி, பாங்காங்கிலிருந்து எப்படி லேவுக்கு இறங்குவீர்கள்?

முதலில் ஏற வேண்டும்! வழக்கமான பாதை சாங் லா வழியாகத்தான். எல்லோரும் போகும் இன்னோர் இடமான நுப்ரா பள்ளத்தாக்கு லேவைவிடத் தாழ்வு, அங்குள்ள டிஸ்கிட் ஊர் சுமார் 3,100 மீட்டர்தான். நல்லதுதான். ஆனால் அங்கிருந்து லேவுக்கு வரும் வழக்கமான சாலை கர்துங் லாவைத் தாண்டுகிறது. இறங்குவதற்காக ஏற வேண்டிய ஊர் இது. நடுராத்திரி, பனி கொட்டினால், கணவாய் மூடினால், மடியில் குழந்தையோடு என்ன செய்வீர்கள்?

மணாலியிலிருந்து சாலை வழியாக வந்தால் பாதுகாப்பு என்கிறார்கள். அதிலும் ஒரு பொறி. நடுவில் சர்ச்சுவில் கூடாரம் போட்டுத் தங்க வைப்பார்கள். சர்ச்சு 4,290 மீட்டர். லேவைவிட உயரம். பழகுவதற்கு முன்பே அங்கே ஒரு ராத்திரி!

விமானத்தில் உடனே இறங்கிவிடலாம் என்று நினைக்கிறீர்களா? மதியத்துக்கு மேல் காற்று வலுப்பதால் லேவுக்குப் பெரும்பாலும் காலையில்தான் விமானம். மேகம் இறங்கினால் அதுவும் ரத்து.

போன்? நம் ஊர் ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு வேண்டும். அதுவும் ஏரிப் பக்கம் எடுக்குமா என்பது அதிர்ஷ்டம்.

ஒரு கணக்கையும் கேளுங்கள். அமர்நாத் குகை 3,888 மீட்டர். அந்த யாத்திரைக்கு 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பதிவு செய்வதே இல்லை. மத்திய அரசு நடத்தும் கைலாஷ் மானசரோவர் யாத்திரைக்கு 18 வயது ஆக வேண்டும். பாங்காங் அமர்நாத்தைவிட உயரம். அங்கே யாராவது உங்கள் பிள்ளையின் வயதைக் கேட்டார்களா? கோயிலுக்குப் போனால் வயது கேட்கிறார்கள். ஏரிக்குப் போனால் இலவசம் என்கிறார்கள்.

அபாய அறிகுறிகள்: வெட்டி ஒட்டி வையுங்கள்!

பெரியவர்கள் “தலை வலிக்குது” என்று சொல்லிவிடுவோம். இரண்டு வயதுக் குழந்தை எப்படிச் சொல்லும்? அழும். அவ்வளவுதான். அந்த அழுகையைப் படிக்கத் தெரிய வேண்டும்.

முதல் கட்டம். வந்து 6 மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள்:

1. காரணமில்லாத சிணுங்கல். எதைக் கொடுத்தாலும், எப்படித் தூக்கினாலும் அடங்காத அழுகை.
2. சாப்பாடு வேண்டாம், பால் வேண்டாம். பிடித்த பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் இருப்பது.
3. வாந்தி, குமட்டல்.
4. விளையாட்டு போச்சு. நடக்க மாட்டேன், தூக்கு என்று சோர்ந்து தோளில் சாய்வது.
5. தூக்கம் கெடுவது. அல்லது நேரம் கெட்ட நேரத்தில் தூங்கி வழிவது.
6. பேசத் தெரிந்த பிள்ளை தலைவலி, தலைசுற்றல் என்று சொல்வது.

பயணக் களைப்பு, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, குளிர், சேட்டை என்று காரணம் தேடாதீர்கள். இந்த உயரத்தில் சட்டம் ஒன்றுதான்: வேறு நோய் என்று தெரியும்வரை, இது உயரத்தால் வந்த நோய்தான். இந்த நிலையில் ஓர் அடிகூட மேலே ஏறக் கூடாது. இருக்கும் இடத்திலேயே ஓய்வு. சரியாகவில்லை, அதிகமாகிறது என்றால் இறங்குங்கள்.

இரண்டாம் கட்டம். நுரையீரலில் நீர். பெரும்பாலும் இரண்டாம் நாள் ராத்திரியிலிருந்து நான்காம் நாளுக்குள்:

1. சும்மா படுத்திருக்கும்போதும் மூச்சு வாங்குவது.
2. விடாத இருமல். பிறகு நுரை, இளஞ்சிவப்புச் சளி. அந்தச் சிவப்பு வரும்வரை காத்திருக்கக் கூடாது!
3. உதடு, நகம் நீலம் பாய்வது.
4. மார்பில் காது வைத்தால் களகளவென்று சத்தம்.

எண்ணிப் பழகுங்கள். சட்டையைத் தூக்கிவிட்டு, தூங்கும் குழந்தையின் வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் நிமிடத்துக்கு 40ஐத் தொட்டால், சமவெளியிலேயே டாக்டர்கள் நிமோனியாவோ என்று பார்ப்பார்கள். மலையில் எவ்வளவு கவலைப்பட வேண்டும்? கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே எண்ணி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போய் ஒப்பிட அதுதான் உதவும்.

மூன்றாம் கட்டம். மூளையில் வீக்கம்:

1. நடந்துகொண்டிருந்த பிள்ளை தள்ளாடுவது. கோட்டின் மேல் நட என்றால் நடக்க முடியாமல் சாய்வது.
2. பேச்சு குழறுவது, ஆளை அடையாளம் தெரியாமல் விழிப்பது.
3. எழுப்ப எழுப்பத் தூக்கம்.

இது வந்துவிட்டால் மணிக்கணக்குத்தான். காலையில் பார்க்கலாம் என்று சொல்லவே சொல்லாதீர்கள். ராத்திரி இரண்டு மணியோ, மூன்று மணியோ, ஆக்சிஜனைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

அழுத குழந்தை திடீரென்று அமைதியானால் நிம்மதி அடையாதீர்கள். விளக்கைப் போட்டு முகத்தைப் பாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. அழுகிறதே, தூங்கட்டும் என்று தூக்கம் வரவைக்கும் சளி மருந்தைக் கொடுத்துவிடாதீர்கள். மூச்சை மந்தமாக்கும். நீங்கள் கவனிக்க வேண்டிய அறிகுறிகளையும் மூடி மறைத்துவிடும்.

இந்தப் பிள்ளைகளைக் கூட்டிப் போகவே போகாதீர்கள்!

பிறந்து சில வாரமோ மாதமோ ஆன கைக்குழந்தை.

இதயத்தில் ஓட்டை என்றோ நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தம் என்றோ எப்போதாவது டாக்டர் சொன்ன பிள்ளை. குறைமாதத்தில் பிறந்து நாள்கணக்கில் ஆக்சிஜனில் இருந்த பிள்ளை. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளை. சிக்கிள் செல் ரத்தக் குறை உள்ள பிள்ளை. முன்பு ஒருமுறை மலையில் மூச்சுத் திணறிய பிள்ளை.

ஆஸ்துமா இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கிளம்பாதீர்கள். வறண்ட குளிர்காற்றே அதைக் கிளறிவிடும்.

அப்புறம், இதைத் தடித்த எழுத்தில் படியுங்கள்: இந்த வாரம் சளி பிடித்திருக்கும் பிள்ளை. சாதாரண ஜலதோஷம்கூடக் குழந்தை நுரையீரலில் நீர் கோக்கும் அபாயத்தைக் கூட்டுகிறது. அந்தச் சென்னைப் பையனுக்கு இருந்தது அதுதான், வெறும் மூக்கு ஒழுகல். டிக்கெட் காசு போனால் போகட்டும். ஒத்திப்போடுங்கள்.

என் சொந்த அபிப்பிராயம் கேட்டால், வாய் திறந்து “இங்கே வலிக்குது” என்று சொல்லத் தெரியாத பிள்ளையோடு லடாக் வேண்டாம். ஏரி எங்கேயும் போய்விடாது. அவன் வளர்ந்த பிறகு அவனே உங்களைக் கூட்டிப் போவான்.

உயரம் மட்டுமா எதிரி?

குளிர். ஜூலையிலும் ஏரிக்கரை ராத்திரி நம் மார்கழியைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். சின்ன உடம்பு நம்மைவிட வேகமாகச் சூடு இழக்கும். நீங்கள் ஏறி நடப்பதால் உங்களுக்கு வியர்க்கும். முதுகுப் பையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தை விறைத்துக்கொண்டிருக்கும். தொட்டுத் தொட்டுப் பாருங்கள்.

வெயில். ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் 10 சதவீதத்துக்கு மேல் கூடும். பனி அதைத் திருப்பி முகத்தில் அடிக்கும். குளிர்கிறதே என்று ஏமாறாதீர்கள். கண்ணாடி, தொப்பி, சன்ஸ்க்ரீன் குழந்தைக்கும் வேண்டும்.

கணப்பு. மூடிய அறையிலோ கூடாரத்திலோ கரி, விறகு, மண்ணெண்ணெய் அடுப்பை எரியவிட்டுத் தூங்காதீர்கள். அந்தப் புகையில் வாசனையே இல்லாத நஞ்சு இருக்கிறது. தூங்கியவர் தூங்கியவர்தான்.

மழை. மழையே இல்லாத ஊர் என்பார்கள். 2010 ஆகஸ்ட் 5ஆம் தேதி ராத்திரி லேவில் மேகம் வெடித்து மண்ணும் நீரும் ஊருக்குள் இறங்கின. இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். சாலைகள் அறுந்தன. ஆஸ்பத்திரிக்குள்ளேயே சேறு புகுந்தது. அந்த நிலத்தில் எதையும் நிச்சயம் என்று எழுதிவைக்க முடியாது.

இத்தனை சொல்லியும் போகத்தான் வேண்டுமா?

சரி. பெரிய பிள்ளைகள், பேசத் தெரிந்தவர்கள், டாக்டர் சரி என்று சொல்லிவிட்டார். அப்படியானால் திட்டத்தை ஏஜென்ட் போடக் கூடாது. நீங்கள் போடுங்கள்.

முடிந்தால் ஸ்ரீநகர் வழி. ஸ்ரீநகர் 1,585 மீட்டர். கார்கில் சுமார் 2,700. பிறகு லே. வழியில் கணவாய்கள் உண்டு, ஆனால் தூங்குவது படிப்படியாக ஏறும். ஸ்ரீநகரிலும் கார்கிலிலும் தங்கித் தங்கிப் போங்கள்.

விமானத்தில்தான் போவீர்கள் என்றால், முதல் 48 மணி நேரம் லேவில் ஓய்வு. அறை, மொட்டைமாடி, மெதுவாக ஒரு சின்ன நடை, அவ்வளவே. சாந்தி ஸ்தூபியும் வேண்டாம், கடைத்தெருச் சுற்றலும் வேண்டாம். வீணாகும் நாள் என்று நினைக்காதீர்கள். உயிருக்குக் கட்டும் பிரீமியம் அது.

3,000 மீட்டருக்கு மேல் போன பிறகு, தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. லேவிலிருந்து பாங்காங் கூடாரம் எவ்வளவு என்று நீங்களே கழித்துப் பாருங்கள். 700 மீட்டருக்கு மேல் வரும்!

அதனால் குழந்தையோடு ஏரிக்கரையில் ராத்தங்கல் வேண்டாம். “பாங்காங் இல்லாத லடாக்கா?” ஆமாம். சிந்துவும் ஸன்ஸ்காரும் நிறம் மாறாமல் கலக்கும் நிம்மு சங்கமம் லேவைவிடத் தாழ்வு. ஆல்ச்சி மடாலயத்தின் பழைய ஓவியங்களும் அப்படியே. திக்சே, ஷே, ஹெமிஸ் மடாலயங்கள் எல்லாம் லேவிலிருந்து கார் தூரம். பிள்ளைகளுக்கு இதுவே திருவிழா.

உப்புக் கஞ்சி, சூப், தண்ணீர் அடிக்கடி. சிறுநீர் குறைந்து மஞ்சளானால் இன்னும் கொடுங்கள். போஸ்ட்பெய்டு சிம், வண்டியில் பெரிய ஆக்சிஜன் சிலிண்டர், தங்கும் ஒவ்வோர் ஊரிலும் ஆஸ்பத்திரி எங்கே என்ற விவரம். இவை இல்லாமல் கிளம்பாதீர்கள். கடைசியாக இரண்டு உபரி நாள், திரும்பும் தேதியை மாற்றக்கூடிய டிக்கெட். உள்ளூர் ஓட்டுநர் “வேணாம்” என்றால் அது கடவுள் வாக்கு. அவர் அந்த முகங்களை ஆயிரம் தடவை பார்த்தவர்.

ஸ்பிதி, கேதார்நாத், சிக்கிமின் குருடோங்மார் ஏரி என்று எந்த மலைக்குப் போனாலும் இதே கணக்குத்தான். பெயர்தான் மாறும். காற்று மாறாது.

முடிவெடுக்க ஒரே ஒரு கேள்வி போதும். கணவன், மனைவி இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள்: “கட்டிய காசு அத்தனையும் போனாலும், ஏரியைப் பார்க்காமலே, இரண்டாம் நாள் காலையில் திரும்பிவிட நாம் தயாரா?” இருவரும் தயங்காமல் ஆமாம் என்றால் போங்கள். ஒருவர் தயங்கினாலும் பிள்ளையைப் பாட்டி வீட்டில் விடுங்கள். இல்லையென்றால் ஊட்டிக்கே போங்கள். ஊட்டி ஒன்றும் மட்டம் இல்லை.

கடைசியாக ஒன்று. சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

முதல் நாள் சாயங்காலம் சாந்தி ஸ்தூபியில் எடுத்த படத்தை அவர்கள் ஹோட்டல் வைஃபையில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பியிருந்தார்கள். வெள்ளை ஸ்தூபி, பின்னால் பனி மலை. அப்பா தோளில் பையன். தலை சாய்ந்திருக்கிறது. கண் பாதி மூடியிருக்கிறது. கையில் கடிக்காத பிஸ்கட். “தூங்குமூஞ்சி!” என்று ஒருவர் எழுதினார். “செல்லம்!” என்று இன்னொருவர். நானும் ஒரு சிவப்பு இதயம் போட்டேன்.

மேலே உள்ள முதல் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பிறகு ஒருநாள் பார்த்தேன். இரண்டாவதும் நான்காவதும் ஐந்தாவதும் அதிலேயே இருந்தன. நாங்கள் முப்பது பேர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.